அண்மையில் இருப்பது எது?

இலக்கண வகுப்பில் சுட்டெழுத்துகளை நடத்தும்போதெல்லாம் மாணவரிடமிருந்து ஒரு வினா எழுவது வழக்கம். இகரம் அண்மையைச் சுட்டும், அகரம் சேய்மையைச் சுட்டும், உகரம் இரண்டுக்கும் இடைப்பட்டதைச் சுட்டும் என்று சொல்லி முடித்ததும், "ஐயா, எத்தனை அடி வரைக்கும் அண்மை?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். வகுப்பு சிரிக்கும். ஆனால் அவ்வினா சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. தொல்காப்பியர் மூன்று சுட்டுகளைக் குறித்தார். அண்மையில் உள்ளாரை விளிப்பதற்கும் சேய்மையில் உள்ளாரை விளிப்பதற்கும் வேறுபாடு கண்டார். ஆயினும் அளவுகோல் எதையும் நம் கையில் தரவில்லை. பேசுவோன் நிற்கும் இடமே அளவுகோல். உகரச் சுட்டு தமிழகத்துப் பேச்சில் மறைந்து, யாழ்ப்பாணத்தார் நாவில் 'உது' என்றும் 'உவன்' என்றும் இன்றும் உலவுவது வேறு கதை.

அண்மை என்பது ஒன்று. மிக அண்மை என்பது மற்றொன்று. "அருகில் ஒரு கிணறு உண்டா?" என்ற வினாவுக்கு ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டாலே விடை கூறலாம். "மிக அருகில் உள்ள கிணறு எது?" என்ற வினாவுக்கு அந்த ஒரு கிணற்றைப் பார்த்தால் போதாது; அதனினும் நெருங்கிய கிணறு வேறில்லை என்று உறுதி செய்தாக வேண்டும். இல்லாததை உறுதி செய்வது இருப்பதைக் காண்பதைவிடக் கடினம். இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது இலக்கண நூலன்று. ஒரு மழைக்கால இரவும், அதன்பின் என் தங்கை மகன் கூறிய விளக்கமுமே ஆகும்.

2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து இரவொன்றில் வாப்பாவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் ஒருவரின் காரில் வாப்பாவை ஏற்றினோம். அவர் உள்ளூர்க்காரர் அல்லர். கைப்பேசியில் மருத்துவமனை என்று தேட, இரண்டரைக் கிலோமீட்டரில் ஒன்று, ஏழு கிலோமீட்டரில் ஒன்று என வரிசையாகக் காட்டியது. முதலாவதையே அவர் நம்பினார். வாப்பாவின் தலையை மடியில் தாங்கிப் பின்னிருக்கையில் இருந்த எனக்கு வண்டி எத்திசையில் செல்கிறது என்றே தெரியவில்லை. வண்டி ஆற்றங்கரையில் போய் நின்றது. மருத்துவமனையின் விளக்கு அக்கரையில் தெரிந்தது. இடையில் பெருக்கெடுத்த ஆறு. பாலமோ மேற்கே ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால். திரும்பி வந்து இரண்டாவது மருத்துவமனையை அடைந்தபோது கால்மணி நேரம் கழிந்திருந்தது. இறையருளால் வாப்பா பிழைத்தார். அந்தக் கால்மணி நேரத்தில் அவர் கை என் கையைப் பற்றியிருந்த பிடி தளர்ந்து தளர்ந்து இறுகியதை மட்டும் இன்றும் மறக்க இயலவில்லை.

நலம் விசாரிக்க வந்த தங்கை மகன் தரவுத்தளங்களை அமைக்கும் பணியில் இருப்பவன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "மாமா, அது பொய் சொல்லலை. கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு. கேள்விதான் வேற" என்றான். எனக்குச் சினம் வந்தது. ஆனால் அவன் தாளும் எழுதுகோலும் எடுத்து விளக்கத் தொடங்கியபின் சினம் போய் வியப்பு வந்தது. அவ்வியப்பை இம்மலரைப் புரட்டும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கோடி இடங்கள் பதிந்த ஒரு பேரேடு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை. நான் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள பத்து இடங்கள் வேண்டும். எளிய வழி, ஒரு கோடி இடங்களுக்கும் தொலைவைக் கணக்கிட்டு, வரிசைப்படுத்தி, முதல் பத்தை எடுப்பது. விடை சரியாகவே வரும். ஒருவர் ஒருமுறை கேட்டால் கணிப்பொறி பொறுத்துக்கொள்ளும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் தாங்காது.

தமிழ் படித்த நமக்கு இத்தகைய இடர்ப்பாடு புதிதன்று. நிகண்டுகளில் சொல்லைத் தேடியோர் பாடல்களை மனனம் செய்திருக்க வேண்டும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கிய பிறகு, மனனம் செய்யாதவரும் தேட இயன்றது. கணிப்பொறித் துறையினர் இன்டெக்ஸ் என்பதை நாம் அடைவு என்போம். சொல்லடைவு, பாட்டு முதற்குறிப்பு அகராதி எல்லாம் அவ்வினமே. தரவுத்தளங்களில் பெருவழக்காக உள்ள அடைவு, பேயர், மெக்ரைட் என்னும் இருவர் 1972இல் வெளியிட்ட 'பி-மரம்' என்பதாகும். அஃதும் அகராதி போன்றே எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துவது.

இடங்களை ஒரே வரிசையில் நிறுத்த இயலுமா? அட்சரேகைப்படி அடுக்கிப் பாருங்கள். சென்னை ஏறத்தாழ 13.08 பாகை, பெங்களூரு 12.97, மங்களூரு 12.9, செங்கற்பட்டு 12.7. இவ்வடைவில் சென்னைக்குப் பக்கத்து வீடு பெங்களூரு. அதற்கடுத்தது மேலைக்கடற்கரை மங்களூரு. அவற்றுக்கெல்லாம் பின்னரே செங்கற்பட்டு. தாம்பரம் தாண்டினால் வந்துவிடும் ஊர், நாட்டின் மறுகரையில் உள்ள ஊருக்கு அப்பால் போய் நிற்கிறது! நிலம் இருபரப்புடையது, வரிசை ஒருநெறியுடையது. ஒன்றை மற்றொன்றில் அடைக்கும்போது அண்மை உடைந்துபோகிறது.

இதற்கு வழிகண்டோர் பலர். டொனால்டு நூத் என்னும் அறிஞர் 1973இல் வெளிவந்த தம் பெருநூலின் மூன்றாம் தொகுதியில் இதனை 'அஞ்சல் நிலையச் சிக்கல்' என்று அழைத்தார். ஒரு வீட்டுக்கு மிக அருகில் உள்ள அஞ்சல் நிலையம் எது என்பதே வினா. 1975இல் பென்ட்லி என்பார் பரப்பை மாறி மாறிக் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்துசெல்லும் மரம் ஒன்றை அமைத்தார். 1984இல் அன்டோனின் கட்மன் என்பார் 'ஆர்-மரம்' என்பதை வெளியிட்டார். அதன் கருத்து மிக எளியது. அருகருகே உள்ள சில இடங்களைச் சூழ ஒரு செவ்வகப் பெட்டி வரைக. அத்தகைய சில பெட்டிகளைச் சூழப் பெரிய பெட்டி ஒன்று வரைக. இவ்வாறே உலகம் முழுதும் ஒரு பெட்டிக்குள் அடங்கும் வரை செல்க. உம்மா பெட்டகத்துக்குள் பெட்டியும், பெட்டிக்குள் சிமிழும், சிமிழுக்குள் நகையும் வைத்திருந்ததுபோல் என்று கூறினால் தங்கை மகன் முறுவலிப்பான். ஆனால் மறுக்க மாட்டான்.

ஆர்-மரத்திடம் "இந்தப் பெட்டிக்குள் என்னென்ன உள்ளன?" என்று கேட்டால் விரைந்து விடை தரும். "மிக அருகில் எது?" என்று கேட்க வழி இல்லாதிருந்தது. ஆகவே நிரலர்கள் ஊகித்துக் கேட்டனர். ஒரு கிலோமீட்டருக்குள் உள்ளவற்றைக் கொடு என்பர். ஒன்றும் வராவிடில் இரண்டு, பின் நான்கு, பின் எட்டு எனப் பெருக்குவர். தியாகராய நகரில் நின்று கேட்டால் ஒரு கிலோமீட்டரிலேயே ஆயிரக்கணக்கில் வந்து குவியும். தார்ப் பாலைவனத்தில் நின்று கேட்டால் எட்டிலும் ஒன்றும் வாராது. அண்மைக்கு அளவுகோல் தாராத தொல்காப்பியரின் நுண்மை எனக்கு இங்கேதான் விளங்கியது.

1995இல் ரூசோபூலோஸ், கெல்லி, வின்சென்ட் ஆகிய மூவர் ஒரு வழியை வெளியிட்டனர். ஹியால்டசன், சாமெட் என்னும் இருவர் அதே ஆண்டிலும் பின்னர் 1999இலும் அதனினும் நேர்த்தியான ஒன்றை முன்வைத்தனர். நான் நிற்கும் புள்ளியிலிருந்து ஒரு பெட்டியின் மிக நெருங்கிய விளிம்பு வரை உள்ள தொலைவைக் கணக்கிடலாம் அல்லவா? பெட்டிக்குள் இருக்கும் எப்பொருளும் அத்தொலைவைவிட நெருங்கி இருக்க இயலாது. பெட்டியைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. இனி, ஒரு காத்திருப்பு வரிசை அமைக்க. பெட்டிகளை அத்தொலைவின்படி அதில் நிறுத்துக. வரிசையின் தலைப்பில் நிற்பதை அழைக்க. அது பெட்டியாயின் திறந்து, உள்ளிருப்பவற்றை அவற்றின் தொலைவுக்கேற்ப அதே வரிசையில் நிறுத்துக. தலைப்பில் வந்தது இடமாயின் அதுவே விடை. ஏனெனில் வரிசையில் பின்னால் நிற்கும் எந்தப் பெட்டிக்குள்ளும் இதனினும் நெருங்கியது இருக்க வாய்ப்பில்லை. அடுத்த விடை வேண்டுமாயின் மீண்டும் அழைக்க. பத்து வந்ததும் நிறுத்துக. திறக்கப்படாத பெட்டிகள் திறக்கப்படாமலே கிடக்கும். இல்லாததை உறுதி செய்வது கடினம் என்றேனே, அவ்வுறுதி இங்கே எத்துணைச் சிக்கனமாகக் கிடைக்கிறது என்பதை நோக்குக.

நூலில் உள்ளது நடைமுறைக்கு வரக் காலம் பிடிக்கும். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து கிளைத்தது. 1996இல் இப்பெயர் பெற்றது. புள்ளி, பெட்டி, வட்டம், பலகோணம் ஆகிய வடிவங்களைப் பதியும் வசதி அதில் நெடுங்காலமாக உண்டு. பலவகை மரங்களுக்கும் பொதுவான ஓர் அடைவுச் சட்டகத்தை 1995இல் ஹெல்லர்ஸ்டீன், நாட்டன், பெஃபர் ஆகியோர் வகுத்தனர். 'ஜிஸ்ட்' என்பது அதன் பெயர். ஏழு சிறு செயல்களை எழுதிக் கொடுத்தால் எவரும் தமக்கு வேண்டிய மரத்தை அதில் வளர்க்கலாம். ஆயினும் அவ்வடைவு 'ஆம், இல்லை' என்னும் வினாக்களுக்கு மட்டுமே விடை கூறிக்கொண்டிருந்தது. தொலைவின்படி வரிசைப்படுத்து என்று கேட்டால் அடைவை ஒதுக்கிவிட்டு முழுப் பேரேட்டையும் படித்தது.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் ஓலெக் பார்த்துனோவ், தியோடோர் சிகாயெவ் என்னும் இரு ருசியர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். பார்த்துனோவ் மாஸ்கோவின் ஸ்டெர்ன்பர்க் வானியல் நிறுவனத்தைச் சார்ந்தவர். விண்மீனுக்கு அருகில் உள்ள விண்மீனைத் தேடும் துறையினர்க்கு இவ்வினா இயல்பாக எழுந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. ஏழு செயல்களோடு தொலைவைக் கூறும் எட்டாவது செயல் ஒன்றைச் சேர்த்தனர். இருமுனையிலும் அம்புத்தலை கொண்ட சிறு கோடு ஒன்று தொலைவின் குறியீடாயிற்று. வினவுவோர் அக்குறியீட்டின்படி வரிசைப்படுத்துமாறு கேட்டால் அடைவே வரிசையாக எடுத்துத் தரும். டாம் லேன் என்பாரின் பங்கும் சேர்ந்து, 2011இல் வெளிவந்த 9.1ஆம் பதிப்பில் இது இடம்பெற்றது.

ஆனால் அது புள்ளிகளுக்குப் பொருந்தியது. நிலத்தில் உள்ளவை எல்லாம் புள்ளிகளா? ஒரு சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நூறு கிலோமீட்டர் செல்கிறது என்க. அதைச் சூழ்ந்த பெட்டி ஒரு மாவட்டத்தையே விழுங்கிவிடும். பெட்டிக்குள் இருப்பவன் சாலையோரத்தில் இருப்பவன் அல்லன். போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் நிலவியல் இணைப்பு 2012இல் தன் 2.0ஆம் பதிப்பில் அண்மைத் தேடலைத் தந்தபோது இப்பெட்டிகளுக்கு இடைப்பட்ட தொலைவையே கணக்கிட்டது. சாலைக்கு நேர்ந்த கதி இதனால் விளைந்தது. அலெக்சாண்டர் கோரொட்கோவ், ஹைக்கி லின்னகாங்காஸ் ஆகியோரின் பணியால் 2016 சனவரியில் வெளிவந்த 9.5ஆம் பதிப்பில் இதற்கு முடிவு கிடைத்தது. பெட்டித் தொலைவு வரிசையில் இடம்பிடிக்க மட்டுமே. தலைப்புக்கு வந்ததும் பொருளின் மெய்த்தொலைவு அளக்கப்படும். மெய்த்தொலைவு கூடுதலாயின் அப்பொருள் மீண்டும் வரிசையில் தனக்குரிய இடத்துக்கு அனுப்பப்படும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. முதல் மதிப்பீடு மெய்யைவிடக் குறைவாக இருக்கலாம். கூடுதலாக இருத்தல் ஆகாது. குறைத்து மதித்தால் ஒரு பொருள் வரிசையில் முந்தி வந்து அளக்கப்பட்டுத் திரும்பும், சிறிது நேரமே இழப்பு. கூட்டி மதித்தாலோ உண்மையில் நெருங்கியது பின்னால் நிற்க, வேறொன்று விடையாகிவிடும். பிழை நேர்ந்ததே ஒருவருக்கும் தெரியாது. ஆள்களை மதிப்பிடுவதில் இதே நிபந்தனையை எப்படிக் கடைப்பிடிப்பது என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் விவாதித்தோம், முடிவு காணவில்லை!

உலகம் உருண்டை என்பதும் இங்கு இடர் தருகிறது. தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர், சென்னையில் 108, மாஸ்கோவிலோ 63. பாகைகளைத் தட்டையான தாளில் போல் அளந்தால் நமக்குச் சிறு பிழை, மாஸ்கோக்காரர்க்குப் பெரும்பிழை.

இனி எங்கள் ஆற்றங்கரைக்கு வருவோம். மேற்கூறிய திறன் அனைத்தும் நேர்கோட்டுத் தொலைவைப் பற்றியது. பறவை பறக்கும் தொலைவு அது. மூச்சுத் திணறும் மனிதனைச் சுமந்த வண்டி பறவையன்று. சாலைவழித் தொலைவை அறியச் சந்திகளையும் சாலைகளையும் வலைப்பின்னலாகப் பதிந்து, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறை போன்ற ஒன்றால் கணக்கிட வேண்டும். எல்லா மருத்துவமனைக்கும் அவ்வாறு கணக்கிடுவது பெருஞ்செலவு. அப்போது தங்கை மகன் கூறியதுதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. நேர்கோடு எப்போதும் சாலையைவிடக் குறைவே, ஒருபோதும் கூடாது. அதாவது பெட்டிக்குக் கூறிய அதே நிபந்தனை இங்கும் நிறைவேறுகிறது. ஆகவே நேர்கோட்டின்படி ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சாலைத் தொலைவை அளந்துகொண்டே வருக. இதுவரை கண்ட மிகக் குறைந்த சாலைத் தொலைவைவிட அடுத்ததன் நேர்கோடே கூடுதலாயின் நிறுத்துக. எங்கள் ஊர்க் கணக்கில் முதல் மருத்துவமனை நேர்கோட்டில் இரண்டரை, பாலம் சுற்றி இருபதுக்கு மேல். இரண்டாவது, சாலைவழியே எட்டு. நான்கைந்து அளவைகளில் முடிந்துவிடும் வேலை அது. அந்தச் செயலியை ஆக்கியோர் அந்நான்கைந்து அளவைகளைச் செய்யவில்லை. செய்யாததைத் திரையில் சொல்லவும் இல்லை. பின்னதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 'நேர்கோட்டில் இரண்டரை' என்று ஒரு சொல் இருந்திருந்தால் போதும்.

இவ்வேறுபாட்டைக் கணிப்பொறி இல்லாக் காலத்திலேயே கண்டவர் ஒருவர் உண்டு. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவி அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை நிலப்படத்தில் குறித்தார். பிராட் தெருவின் அடிகுழாய்க்கும் சுற்றியுள்ள பிற குழாய்களுக்கும் சமதொலைவான இடங்களை இணைத்து ஒரு கோடும் வரைந்தார். அக்கோட்டை அவர் அளந்தது தெருக்களின் வழியே, மக்கள் குடத்தோடு நடக்கும் வழியே. இறப்புகள் பெரும்பாலும் அக்கோட்டுக்குள் அடங்கின. நேர்கோட்டில் அளந்திருந்தால் அப்படம் அத்துணைத் தெளிவாகப் பேசியிருக்குமா என்பது ஐயமே.

இடத்துக்கு மட்டுமன்றிச் சொல்லுக்கும் இதே அம்புக்குறி உண்டு என்று அறிந்தபோது தமிழாசிரியனாகிய எனக்கு ஆர்வம் மிகுந்தது. அதே 9.1ஆம் பதிப்பிலேயே சொற்களை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக்கி, பொதுத் துண்டுகள் மிகுந்திருப்பின் அண்மை, குறைந்திருப்பின் சேய்மை எனக் கொள்ளும் வசதி சேர்ந்தது. தமிழுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல்: நமக்கு 'கி' ஓரெழுத்து, கணிப்பொறியின் ஒருங்குறியில் அது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. மூன்று என்று அது எண்ணுவது நம் எழுத்து மூன்றன்று.

எங்கள் கல்லூரியில் இதன் தேவை கற்பனையன்று. முஹம்மது, முகம்மது, முகமது. முஹ்யித்தீன், மைதீன், மொய்தீன். ஒரே பெயர் மேனிலைப்பள்ளிச் சான்றிதழில் ஒரு வகையாகவும், ஆதார் அட்டையில் ஒரு வகையாகவும், வங்கிக் கணக்கில் இன்னொரு வகையாகவும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது வேறுபாடு பின்னும் பெருகும். சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மாணவன் ஒருவனின் உதவித்தொகை விண்ணப்பம் ஓரெழுத்து மாறியமையால் திரும்பிவந்தது. அவன் தந்தை மீன்சந்தையில் கூலி வேலை செய்பவர். இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு அத்தொகையையே நம்பியிருந்தான். சான்றொப்பமும் உறுதிமொழித் தாளுமாக அலைந்து, தொகை வந்துசேர அடுத்த கல்வியாண்டு ஆகிவிட்டது. இடையில் துறை ஆசிரியர்களே கட்டணத்தைச் செலுத்தினோம். முழுதும் ஒத்தால் ஏற்பேன், ஓரெழுத்து மாறினால் தள்ளுவேன் என்னும் பேரேடு அவனைத் தள்ளியது. 'மிக அண்மையில் உள்ள ஐந்து பெயர்களைக் காட்டு' என்று கேட்கத் தெரிந்த பேரேடாயின், அவன் பெயர் முதலாவதாக வந்திருக்கும். எழுத்தர் ஒருவர் பிறந்த தேதியை ஒப்பிட்டு ஒரு நிமிடத்தில் முடித்திருப்பார்.

ஆனால் அந்த எழுத்தர் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தங்கை மகனோடு இதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் எல்லைக்கோடு ஒன்றை வைத்துத் தானாகவே சேர்த்துவிடலாம் என்கிறான். எங்கள் பகுதியில் பாட்டனார் பெயரை மூத்த பேரனுக்கு இடுவது வழக்கம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஆண் மக்கள் பிறந்தால் இருவர்க்கும் ஒரே பெயர். தந்தையர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் தலைப்பெழுத்தும் ஒன்றே. இவ்வாண்டு முதலாண்டு வகுப்பிலேயே அப்படி இருவர் உள்ளனர். பெயருக்கும் பெயருக்கும் தொலைவு சுழியம். வருகைப் பதிவேட்டில் ஒருவனுக்கு மேலத்தெரு என்றும் மற்றவனுக்குப் பள்ளிவாசல் தெரு என்றும் அடைப்புக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.